ஓரணாவும் ஓர் உயிரும்
(சர் ரொனால்டு ராஸ் வாழ்வு காட்டும் ஒரு பாடம்)

சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், ஏற்காட்டுக்கு ஏறும் மற்றொரு மலைப்பாதை தொடங்குமிடத்தில், குப்பனூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. 1820-களில் சேலம் மாவட்ட ஆட்சியராயிருந்த காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தார் என்பர். அதன்பின் மலைமேல் தோட்டங்கள் பெருகின. தோட்டங்களை நாடி உழைப்பாளர் ஏறினர். அவ்வாறு ஏறியோரும் இறங்கியோரும் அஞ்சியது வனவிலங்குக்கு மட்டுமன்று. குளிரும் நடுக்கமுமாய் வந்து உடலை உருக்கும் மலைக்காய்ச்சலுக்கும் அஞ்சினர். அக்காய்ச்சலின் மருமத்தை அவிழ்த்த பெருமகனாரின் வரலாற்றை இம்மலரில் எழுத முற்பட்டமைக்குக் குப்பனூரே காரணமாயிற்று. அதனைக் கட்டுரையின் இறுதியில் கூறுவோம்.

மலேரியாக் காய்ச்சலைப் பரப்புவது கொசுவே என்று மெய்ப்பித்தவர் சர் ரொனால்டு ராஸ். இச்செய்தியைப் பள்ளிச் சிறுவரும் அறிவர். ஆனால், அந்த மெய்ப்பிப்புக்குத் தம் உடலைத் தந்த எளியோர் சிலர் இருந்தனர். அவர்களை நினையாமல் ராஸின் வரலாறு நிறைவு பெறாது.

பிறப்பும் கல்வியும்

ராஸ் 1857-ஆம் ஆண்டு மே திங்கள் 13-ஆம் நாள் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவில் பிறந்தார். நாடெங்கும் பெருங்கிளர்ச்சி மூண்டெழுந்த ஆண்டு அது. தந்தையார் ஆங்கிலேயப் படையில் உயர்பதவி வகித்தவர். பிள்ளைகள் பதின்மருள் ராஸே மூத்தவர். எட்டாம் அகவையில் கல்வியின் பொருட்டு இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டார்.

இளமையில் அவருடைய நெஞ்சம் மருத்துவத்தை நாடவில்லை. கவிதையும் ஓவியமும் இசையும் கணிதமும் அவரை ஈர்த்தன. தந்தையாரோ மகன் மருத்துவராக வேண்டுமெனப் பிடிவாதம் கொண்டார். தந்தை சொல்லைத் தட்டவியலாது 1875-இல் இலண்டன் பார்த்தலோமியூ மருத்துவமனைக் கல்லூரியில் ராஸ் சேர்ந்தார். விருப்பமின்றிக் கற்ற கல்வியாதலின் தேர்வொன்றில் தோல்வியும் கண்டார். சிறிது காலம் கப்பல் மருத்துவராகக் கடலில் திரிந்தார். பின்னர் முயன்று தேறி, 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார்.

தென்னகத்தில் ராஸ்

பணியின் தொடக்க ஆண்டுகளில் சென்னை, பெங்களூர், பர்மா, அந்தமான் எனப் பலவிடங்களில் அவர் பணியாற்றினார். ஓய்வு நேரத்தில் கதையும் கவிதையும் எழுதினார். கணித நூல்களில் ஆழ்ந்தார். 1883-இல் பெங்களூரில் தங்கியபோது, தம் அறைச் சாளரத்தின் அருகிலிருந்த நீர்த்தொட்டியில் கொசுக்கள் பெருகுவதைக் கண்டு, அதனைக் கவிழ்த்துவிட, கொசுத்தொல்லை குறைந்ததை உணர்ந்தார். பிற்காலத்தில் உலகுக்கே அவர் வகுத்துரைத்த கொசு ஒழிப்பின் வித்து அத்தொட்டியடியில் விழுந்தது எனலாம்.

பிரெஞ்சு மருத்துவர் லாவரான் 1880-இல் அல்சீரியாவில் மலேரியா நோயாளரின் குருதியில் நுண்ணுயிரி ஒன்றைக் கண்டறிந்திருந்தார். ராஸ் நெடுங்காலம் அதனை நம்பவில்லை. 1894-இல் விடுப்பில் இலண்டன் சென்றபோது, பேட்ரிக் மேன்சன் என்னும் மூத்த மருத்துவர் அந்நுண்ணுயிரியை நுண்பெருக்கியின்கீழ் அவருக்குக் காட்டினார். அது கொசுவின் வழியே பரவக்கூடும் என்ற தம் கருத்தையும் உரைத்தார். ஐயம் நீங்கிய ராஸ், 1895-இல் செகந்தராபாத் திரும்பியதும் ஆய்வைத் தொடங்கினார்.

நீர் அருந்திய இளைஞர்

மேன்சனின் கருத்தில் பிழையொன்று இருந்தது. நோயாளியைக் கடித்த கொசு நீர்நிலையில் மடிகிறது. அந்நீரைப் பருகுவோருக்கு நோய் பற்றுகிறது என அவர் எண்ணினார். இதனைச் சோதிக்க விழைந்த ராஸ், அப்துல் காதிர் என்னும் நோயாளியின் குருதியைக் கொசுக்களுக்கு ஊட்டினார். அவ்வாறு ஊட்டம் பெற்ற கொசுக்கள் மடிந்து கிடந்த நீரை, நலமுடன் இருந்த லட்சுமணன் என்னும் இளைஞருக்குப் பணங்கொடுத்துப் பருகச் செய்தார். சில நாட்களில் அவ்விளைஞருக்குக் காய்ச்சல் கண்டது. ராஸ் மகிழ்ந்தார். எனினும், வேறு சிலருக்கும் அவ்வாறே கொடுத்துப் பார்த்தபோது ஒத்த முடிவு கிட்டவில்லை. நோய் நீரால் வருவதன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இங்கு ஒன்றனை நாம் நின்று நோக்க வேண்டும். தாம் செய்தது சரியா என்ற வினா ராஸின் உள்ளத்திலேயே எழுந்தது. முடிவு கிட்டினால் விளையும் பயன் மிகப் பெரிது. நோய் கண்டாலும் அதற்குரிய மருந்தாகிய கொயினா கைவசம் உள்ளது. எனவே இச்சோதனை தகும் என்று அவர் தமக்குத்தாமே விடை கூறிக்கொண்டு, அதனைக் கடிதத்திலும் பதிந்து வைத்தார். வினா எழுந்தமை அவருடைய நேர்மைக்குச் சான்று. ஆனால், விடையைக் கூறியவர் யார்? நீரைக் கொடுத்தவரேயன்றிக் குடித்தவர் அல்லர். இக்கட்டுரை முழுவதும் நம்மைத் தொடரப் போவது இந்த ஒரு முரண்பாடே.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் ராஸின் வாழ்விலேயே உண்டு. பெங்களூர் பௌரிங் மருத்துவமனையின் துணை மருத்துவர் அப்பையா என்பார், நோயாளியைக் கடித்த கொசுக்கள் தம்மைக் கடிக்கட்டும் என்று தாமே முன்வந்தார். அவருக்கு நோய் பற்றவில்லை. அப்பையா கற்றவர், கொசு எதனைச் சுமந்து வருகிறது என அறிந்தவர், வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவருடைய பிழைப்புக்குக் கேடு நேர்ந்திராது. இம்மூன்றும் லட்சுமணனுக்கு இருந்தனவா?

இரண்டாண்டுகள் முயன்றும் ராஸுக்கு வெற்றி கிட்டவில்லை. உதகையில் விடுப்பைக் கழிக்கச் சென்றவர், மலையடியிலுள்ள சீகூர்ப் பகுதிக்குச் சென்று தாமே மலேரியாவுக்கு ஆளானார். பிறருக்கு வந்த நடுக்கத்தைத் தம் எலும்பிலும் உணர்ந்தார். இறகில் புள்ளிகளையுடைய ஒரு வகைக் கொசு தனித்தன்மையுடன் சுவரில் அமர்ந்திருப்பதையும் அங்கே அவர் கவனித்தார்.

உசேன் கானும் ஓரணாவும்

1897 ஆகஸ்டுத் திங்கள். செகந்தராபாத்தின் வெப்பம் தாளவியலாதது. மெல்லிய கொசு உடல்கள் காற்றில் பறந்துவிடும் என்பதால் விசிறியும் இழுக்கப்படவில்லை. ராஸின் வியர்வை வழிந்து நுண்பெருக்கியின் திருகுகள் துருவேறின. அதன் கண்ணாடியும் விரிசல் கண்டது. அவர் சலிக்கவில்லை.

மருத்துவமனையில் உசேன் கான் என்னும் மலேரியா நோயாளி இருந்தார். புழுக்களிலிருந்து வளர்த்தெடுத்த புள்ளியிறகுக் கொசுக்களை 16-ஆம் நாள் அவருடைய உடலில் கடிக்க விட்டார் ராஸ். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா எனக் கூலி பேசப்பட்டது. அணாவைக் கண்டிராத இன்றைய மாணவர்க்காக ஒன்று கூறுவோம்: பதினாறு அணா சேர்ந்தது ஒரு ரூபாய், ஓரணாவுக்குப் பன்னிரண்டு பை என்பது அக்காலக் கணக்கு.

அக்கொசுக்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார் ராஸ். ஆகஸ்டு 20-ஆம் நாள், எஞ்சியிருந்த மிகச் சிலவற்றுள் ஒன்றன் இரைப்பைச் சுவரில், கருநிற மணிகள் பொதிந்த வட்ட வடிவான உயிரணுக்களைக் கண்டார். கொசுவின் உடலில் இயல்பாக இருக்கலாகாத அவை, மலேரியா நுண்ணுயிரியின் வளர்நிலை என்று உணர்ந்தார். மறுநாள் மற்றொரு கொசுவிலும் அவை வளர்ந்திருக்கக் கண்டார். உவகை மேலிட்டுக் கவிதையும் யாத்தார். அக்கண்டுபிடிப்பு அவ்வாண்டு டிசம்பரில் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியாயிற்று. ஆகஸ்டு 20 இன்றும் உலகக் கொசு நாளாக நினைக்கப்படுகிறது.

உசேன் கானுக்குக் கிடைத்தவை சில அணாக்கள். அவர் முன்னரே நோயுற்றவராதலின், கொசுக்கடியால் புதிதாய்ப் பெருங்கேடு நேர்ந்தது என்று கூறுவதற்கில்லை. ராஸ் அவரைக் கொடுமை செய்தார் என்பதும் நம் கருத்தன்று. கூலி பேசினார், பேசிய கூலியைக் கொடுத்தார், நோயாளியின் பெயரைக் குறித்தும் வைத்தார். அக்காலத்து அதிகாரியொருவர் இவ்வளவு செய்தமையே பெரிதெனலாம். அவர் பெயரைக் குறித்து வைத்தமையால்தான் நூற்றாண்டு கடந்தும் நாம் உசேன் கானை நினைக்கிறோம். ஆயினும், கூலி வேறு, உடன்பாடு வேறு. படுக்கையில் கிடக்கும் ஏழைக்கு, ஆளும் இனத்து மருத்துவர் நீட்டும் நாணயத்தை மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்திருக்கும்? இவ்வினாவை ராஸ் ஒருவர்மீது மட்டும் சுமத்துவது முறையன்று. அது அக்காலத்தின் மீது எழும் வினாவாகும்.

கல்கத்தாவில் கண்ட அச்சம்

1898-இல் ராஸ் கல்கத்தாவுக்கு மாற்றப்பட்டார். முகமது பக்சு என்னும் உதவியாளர் அவருக்கு வாய்த்தார். ஆய்வுக்கு மனிதர்தாம் கிடைக்கவில்லை. கொள்ளைநோய்க் காலமது. 1897-இல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டத்தின் பெயரால் வீடு புகுந்து சோதித்தலும், நோயாளரைப் பிரித்துக்கொண்டு போதலும் நாடெங்கும் நிகழ்ந்தன. ஊசியென்றாலே மக்கள் நடுங்கினர். விரலில் ஒரு துளி குருதி எடுக்கக் காசு தருவதாகச் சொன்னபோதும் நோயாளர் ஓடி மறைந்தனர்.

எனவே ராஸ் பறவைகளை நாடினார். சிட்டுக்குருவிகளைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்து, 1898 ஜூலையில் அந்நுண்ணுயிரி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியை அடைவதையும், கடியின் வழியே நலமுள்ள குருவிக்குப் பற்றுவதையும் மெய்ப்பித்தார். மனிதர் மறுத்தமையால் அறிவியல் நின்றுவிடவில்லை. வேறு வழி கண்டு முன்னேறியது. மறுப்பவரை மதித்தால் ஆய்வு முடங்கும் என்று கூறுவோர் இந்நிகழ்ச்சியைச் சிந்தித்தல் நன்று. மக்களின் நம்பிக்கையை வன்முறையால் இழந்த அரசு, ஒரு துளிக் குருதியையும் காசு கொடுத்துப் பெறவியலாது போயிற்று என்பதும் எண்ணத்தக்கது.

1899-இல் ராஸ் இந்தியாவை விட்டு நீங்கி லிவர்ப்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஆசிரியரானார். 1902-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. மனிதரைத் தாக்கும் மலேரியாவை ஆராய்ந்த இத்தாலியர் கிராசியோடு அவர் இறுதிவரை வழக்காடினார். சியரா லியோன், மொரீசியசு முதலிய நாடுகளில் கொசு ஒழிப்புக்கு வழிகாட்டினார். நோய் பரவும் விதத்தைக் கணிதச் சமன்பாடுகளால் விளக்கினார். 1911-இல் சர் பட்டம் பெற்றார். 1932 செப்டம்பர் 16-ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். அவர் ஆய்வு செய்த பேகம்பேட்டைக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

உடன்பாடு என்னும் உரிமை

ராஸின் காலத்திலேயே புதிய வழியொன்று அரும்பத் தொடங்கியது. 1900-இல் மேன்சனின் மகன், மருத்துவ மாணவர், உரோமிலிருந்து வந்த நோய்க்கொசுக்கள் தம்மைக் கடிக்க இலண்டனில் இசைந்து, மலேரியா கண்டு, கொயினாவால் தேறினார். அதே ஆண்டில் கியூபாவில் வால்டர் ரீடு என்பார் மஞ்சள் காய்ச்சலை ஆராய்ந்தபோது, சோதனைக்கு உட்படுவோரிடம் எழுத்து வடிவில் ஒப்பந்தம் பெற்றார். உயிருக்கு நேரும் ஆபத்தை அது மறைக்கவில்லை. அங்குக் குடியேறிய ஸ்பானியர்க்கு அவர்தம் மொழியிலேயே அது தரப்பட்டது. அதிலும் நூறு டாலர் பொன் என்ற ஈர்ப்பு இருந்தது. எனினும், சொல்லிவிட்டுச் செய்தல் என்னும் அறம் அதில் தலையெடுத்தது.

அவ்வறம் மறக்கப்பட்டபோது விளைந்த கொடுமையையும் உலகம் கண்டது. செருமனியில் டாகவ் சிறைமுகாமில் சில்லிங் என்னும் மலேரியா அறிஞர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளுக்கு வலிந்து மலேரியாவை ஏற்றினார். பலர் மாண்டனர். நூரெம்பர்க் நகரில் நாசி மருத்துவர்மீது நடந்த வழக்கின் தீர்ப்பு 1947 ஆகஸ்டில் வெளிவந்தது. உசேன் கானைக் கொசுக்கள் கடித்த அதே திங்களில், சரியாக ஐம்பதாண்டுகள் கழித்து, மனிதர்மீது சோதனை செய்வோர்க்குரிய பத்து நெறிகளை அத்தீர்ப்பு வகுத்தது. சோதனைக்கு உட்படுவோரின் தன்விருப்பமான இசைவே அவற்றுள் முதலாவது. 1964-இல் உலக மருத்துவர் கழகம் எல்சிங்கிப் பிரகடனத்தை வெளியிட்டது. 2024-இல் அதனைத் திருத்தியபோது, சோதனைக்கு ஆட்படுவோர் என்ற சொல்லை நீக்கிப் பங்கேற்பாளர் என்ற சொல்லை அது மேற்கொண்டது. ஒரு சொல்லின் மாற்றந்தான். ஆனால், லட்சுமணன் பொருளாக இருந்த நிலையிலிருந்து ஆளாக உயர்வதற்கு அத்தனை ஆண்டுகள் ஆயின.

இஸ்லாமிய மருத்துவ மரபுக்கும் இச்சிந்தனை அயலன்று. 1037-இல் மறைந்த இப்னு சீனா, தம் மருத்துவப் பெருநூலில் மருந்துகளைச் சோதிக்கும் விதிகளைத் தொகுத்தார். விலங்கின்மீது பயன் தந்தது மனிதர்க்கும் அவ்வாறே பயன் தருமெனக் கொள்ளலாகாது. மனித உடலிலேயே அறிய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. மனித உடல் ஆய்வுக்கு இன்றியமையாதது என்றால், அவ்வுடலைத் தருபவரின் உரிமையும் அதே அளவுக்கு இன்றியமையாததாகின்றது. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்பது நம் வழக்கு. பொன்னும் பணமும் மட்டுமா அமானிதம்? ஒருவர் நீட்டிய கையும், அதிலிருந்து எடுத்த குருதியும் அமானிதமே அன்றோ?

நம் நாட்டின் நிலை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1980-இல் இதுகுறித்த கொள்கையை வெளியிட்டது. 2000, 2006, 2017 ஆகிய ஆண்டுகளில் விரிவான வழிகாட்டு நெறிகளைத் தந்தது. விதிகள் இருந்தும் தவறு நேராமலில்லை. 2009-இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமியர் உள்ளிட்டோர்க்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வுத்திட்டமாகச் செலுத்தப்பட்டது. விடுதியில் தங்கிப் பயின்ற சிறுமியர் பலர்க்குப் பெற்றோரின் இசைவுக்கு மாற்றாக விடுதிப் பொறுப்பாளரே கையொப்பமிட்டமை பின்னர் வெளிப்பட்டது. சில சிறுமியர் இறந்தனர். அதற்குத் தடுப்பூசி காரணமாயிருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு கருதியது. எனினும், இசைவு பெற்ற முறை கண்டிக்கப்பட்டது. 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றக் குழுவும் கடுமையாக இடித்துரைத்தது. உசேன் கான் படுத்திருந்த செகந்தராபாத்தும் கம்மமும் இன்று ஒரே மாநிலத்தில் உள்ளன.

2019-இல் வெளியான புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் இன்று நடைமுறையில் உள்ளன. இவை சார்ந்து ஒவ்வொரு குடிமகனும் அறிய வேண்டியவை சிலவே. ஆய்வின் நோக்கம், நன்மை, தீமை ஆகியன தமக்குப் புரியும் மொழியில் விளக்கப்பட வேண்டும். மறுக்கலாம், இசைந்த பின்னும் எந்நேரமும் விலகலாம், அதனால் வழக்கமான சிகிச்சை குறைதல் கூடாது. ஆய்வால் கேடு நேர்ந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் பெறலாம். நோய்பற்றிய செய்தி மறைவாகக் காக்கப்பட வேண்டும். இவற்றைக் கண்காணிக்கும் அறநெறிக் குழுவில் மருத்துவரேயன்றிச் சட்டம் அறிந்தவரும் பொதுமக்களில் ஒருவரும் இடம்பெற வேண்டும். வழிச்செலவும் இழந்த நேரத்துக்கு ஈடும் தரலாம். ஆனால், ஆபத்தை மறக்கச் செய்யும் அளவுக்குப் பணம் காட்டி இழுத்தல் கூடாது. ஓரணாவின் கணக்கு இங்கேதான் தீர்க்கப்பட்டது.

குப்பனூர் கேட்ட கேள்வி

இனிக் குப்பனூருக்கு வருவோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமொன்றின்போது நம் மாணவர்கள் அவ்வூரில் குருதிவகை கண்டறியும் பணியில் ஈடுபட்டனர். ஊரார் வரிசையில் நின்று விரலை நீட்டினர். முதிய அம்மையார் ஒருவர் தம் முறை வந்ததும் கையை நீட்டாது நின்றார். இந்தக் குருதியை எங்கே கொண்டு போகிறீர்கள், என் பெயரை எதற்காக எழுதுகிறீர்கள் என வினவினார். மாணவர் விழித்தனர், உடன் சென்ற நாமும் விழித்தோம். நன்மைக்குத்தான் அம்மா என்று கூறிச் சமாளிக்க முயன்றோம். அவர் சினம் கொள்ளவில்லை. தெரியாமல் எப்படித் தருவது என்று மெல்லச் சொல்லி, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார். அதன்பிறகே வரிசையில் நின்ற மற்றவர்க்கும் நாம் எதையும் சொல்லவில்லை என்பது நமக்கு உறைத்தது.

அன்று மாலை முகாமில் மாணவரை அமர்த்தி, எதற்காக எடுக்கிறோம், ஏட்டை யார் வைத்திருப்பர், வேண்டாமெனில் மறுக்கலாம் என்பவற்றை எளிய தமிழில் எழுதச் செய்தோம். மறுநாள் அதனைப் படித்துக் காட்டிய பின்னரே விரல்களைத் தொட்டோம். முந்திய நாளினும் நேரம் மிகுதியாயிற்று. சிலர் வேண்டாமென்று போயினர். அந்த அம்மையார் வந்து முழுதும் கேட்டார். கேட்டபின் கையை நீட்டினார்.

ராஸ் மனித குலத்துக்குச் செய்த நன்மை அளவிடற்கரியது. அவரைப் போற்றுவோம். அவரோடு அப்துல் காதிரையும் லட்சுமணனையும் உசேன் கானையும் சேர்த்தே போற்றுவோம். மருத்துவம் பயிலச் செல்லும் நம் மாணவர் நாளை எந்த ஏழையின் கையைப் பற்றினும், தமிழில் விளக்கிச் சொல்லி, அவர் விடை கூறும்வரை காத்திருப்பாராக. அமானிதம் பேணும் நல்லுள்ளத்தை எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக!